ஓடாது

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
அது கப்பல்களுக்கு.
உப்பனாற்றில் எட்டு ரூபாய்க்கு ஆள் ஏற்றும் எனக்கென்று
கூண்டு கிடையாது.
ஒரு சிலேட்டு உண்டு,
முனை உடைந்தது.

மணி ஐந்தரை.
மகாபலிபுரத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவே
கரையைக் கடக்கும் என்கிறது செல்போன்.
கரையைக் கடப்பதுதான் என் தொழிலும்.
நான் இந்தப் படித்துறையிலிருந்து முதுநகர்ப் படித்துறைக்கு.
அது எங்கே இறங்கும் என்று அதற்கே தெரியாது.

சிப்காட் நாற்றம் அடித்தால் தென்காற்று,
மூக்கைப் பொத்திக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.
இன்று காற்று சுத்தமாக இருக்கிறது.
எனக்குப் பிடிக்கவில்லை.

தணிகாசலம் என்ஜினைத் தொடவில்லை.
கயிற்றைப் பிடித்தபடி முகத்துவாரத்தையே பார்க்கிறான்.
வத்தத் தண்ணீர் வெளியே இழுக்கிறது,
கொண்டல் உள்ளே தள்ளுகிறது,
இரண்டும் முட்டும் இடத்தில்
தண்ணீர் எழுந்து நின்று யாரையோ தேடுகிறது.
“எட்டு மணிக்கு ஏத்தம் திரும்பிடும்ண்ணே” என்கிறான்.
எட்டு மணிக்குக் காற்றும் ஏறிவிடும் என்று
நான் சொல்லவில்லை.
அவன் சொல்லாமல் விட்டதும் அதுதான்.

வரிசை சேர்ந்துவிட்டது.
ரெஜினா டீச்சருக்கு அரையாண்டுத் தேர்வு,
கலெக்டர் இன்னும் லீவு விடவில்லை.
பாவாடைராயன் ரேஷன் கடையில்
கைரேகை வைக்க இன்றே கடைசி நாள்.
அஞ்சலாட்சி இரண்டு கூடை கவளையோடு நிற்கிறாள்.
ஐஸ் உருகி அவள் காலடியில்
இன்னொரு ஆறு ஓட ஆரம்பித்திருக்கிறது.
“எழுதுய்யா எதையாவது.”

போன கார்த்திகையில் ‘ஓடும்’ என்று எழுதினேன்.
நடு ஆற்றில் ஒரு ஐஸ் பெட்டி வழுக்கியது,
அதைப் பிடிக்க ஏழு பேர்
ஒரே பக்கம் எழுந்தார்கள்.
மூன்று மூச்சு நேரம்
படகு யோசித்தது.
பிறகு நிமிர்ந்தது.
எதிர்க்கரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்,
ஒருவர் மீதி இரண்டு ரூபாய் கேட்டு வாங்கினார்.
அந்த மூன்று மூச்சைப் பற்றி
நானும் தணிகாசலமும் இதுவரை பேசியதில்லை.
டீ குடிக்கும்போது சிலசமயம்
ஒரே நேரத்தில் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கிறோம்.

அதற்குப் பிறகு ஒருமுறை
நான்கு நாள் தொடர்ந்து ‘ஓடாது’.
நான்கு நாளும் வெயில்.
கலிவரதனுக்கு உடம்பு சரியில்லையா என்று
சங்கத்தில் விசாரித்தார்கள்.
மூழ்காத படகுக்கு
யார் வந்து சாட்சி சொல்வது?

சிலேட்டை எடுக்கிறேன்.
‘ஓ’ எழுதும்வரை சிரமமில்லை,
இரண்டுக்கும் அதே ஓ.
சுண்ணாம்புக் கட்டி அங்கே நிற்கிறது.
அத்தனை பேரும் என் கையைப் பார்க்கிறார்கள்.
தணிகாசலம் மட்டும் தண்ணீரை.
அவன் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றுகிறான்,
அவ்வளவுதான், முடிச்சுகூடப் போடவில்லை.

டா.
து.

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் புடவையைச் செருகிக்கொண்டு
பாலத்துப் பக்கம் நடந்தார்.
பாவாடைராயன் என் அம்மாவை இழுத்தான்.
பாலம் சுற்றிப் போனால்
ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது,
கூடைக்குத் தனியாக.

பதினொன்றுக்கு வெயில் வந்துவிட்டது.
ஆறு, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
கட்டிய படகில் ஒரு கொக்கு ஏறி நின்றது,
இலவசமாக.
புயல் வடக்கே போயிற்றா, இன்னும் வரவில்லையா
என்று செல்போனைக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அஞ்சலாட்சி திரும்பி வந்தாள்.
காலிக் கூடைகளைப் பெட்டிமேல் வைத்தாள்.
“உன் பயத்துக்கு நான் எதுக்கு ஆட்டோ காசு குடுக்கணும்?
போக நாப்பது, வர நாப்பது, கூடைக்கு இருபது.”

அன்றைய வசூல் பூஜ்யம்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினாள்,
செதில் ஒட்டிய,
காய்ந்த விரல்களால்.